அறுபத்தெட்டு இடப்பக்கம் போகோணுமாம்

உங்கள் வீடுகளிலும் இது நடந்திருக்கும். தாய்க்கும் தகப்பனுக்கும் கோபம். இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் ஒருவரையொருவர் இடிக்காமல் நடந்து திரிவார்கள். கதை மட்டும் பிள்ளைகள் வழியாகப் போய்வரும். "கொப்பரிட்டைச் சொல்லு, நாளைக்கு உடுப்புத் தோய்க்கிற அறை எங்கடை முறை எண்டு." கொப்பர் கதிரையில் பக்கத்திலேயே இருப்பார். "கொம்மாட்டைச் சொல்லு, எனக்குத் தெரியும் எண்டு." நீங்கள் நடுவில் நின்று, இருவருமே கேட்டுவிட்ட ஒன்றை இன்னொரு தரம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சொல்லப்படாததாகவே கணக்கு.

இப்போது நாங்கள் எல்லாரும் வாசிக்கக் கண்ணாடி தேடுகிற வயதுக்கு வந்துவிட்டோம். கலியாண வீடுகளில் சந்திக்கும்போது இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். சில வீடுகளில் அது ஒரு கிழமை நீடித்திருக்கும். எங்கள் வீட்டில் ஓர் ஐப்பசியில் தொடங்கி அடுத்த ஆனி வரை போனது. அந்த வருடம்தான் அப்பா ஒரு கல்லூரி அணியில் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினார். இதைச் சொன்னால் நீங்கள் கண்ணைச் சுருக்குகிறீர்கள். ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடு சுவிஸில், பீல் நகரத்தில், ரயில் பாதைக்குப் பின்புறம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்தவர். கதவு நிலையை அடைக்கிற உடம்பு. ஊரில் நெல் மூட்டை தூக்கித் தூக்கி வந்த உடம்பு என்று ஆட்கள் கதைப்பார்கள். உண்மையில் அவர் ஊரில் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர். பீலில் தொழில்நுட்பக் கல்லூரியின் சாப்பாட்டுக்கூடத்தில் பெரிய பானைகள் கழுவினார். டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், அவருக்குக் குசினிக்கு வேண்டிய சொற்கள்தான் தெரியும். சூடு, கவனம், சுத்தம், கெதியாக. மற்றதற்கெல்லாம் தலையாட்டுவார்.

அம்மாவும் அதே பக்கம்தான். முதியோர் இல்லமொன்றில் நிலம் துடைக்கப் போனவர், அங்கே இருந்த வயோதிபர்களோடு கதைத்துக் கதைத்து அந்த ஊர் டொச்சை அப்படியே பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் என் ஆசிரியை ஒருமுறை, "உன் அம்மா பேசுகிற சில சொற்களை இப்போது ஒருவரும் பேசுவதில்லை" என்று வியந்தார். நிலம் துடைக்கிற வேலையிலிருந்து பராமரிப்பு உதவியாளராக மாறுவதற்கு அம்மா பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். மாலையில் எங்களைப் படுக்கையில் கிடத்தி, தம்பியின் கையில் நாடி பிடித்துப் பழகுவார்.

கோபத்தின் காரணம் இதுதான். அம்மாவுக்கு ஒரேயொரு அக்கா. தாயில்லாத வீட்டில் அம்மாவைத் தூக்கி வளர்த்தவர் அவர். அந்த ஐப்பசியில் ஊர் ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். ரெலிபோன் வந்தபோது அம்மா வேலையில் இருந்தார், அப்பா எடுத்தார். அந்தக் கிழமை முடிவில் அம்மாவுக்கு அந்தப் பயிற்சியின் கடைசிச் சோதனை. அப்பா அவருக்குச் சொல்லவில்லை. எங்களுக்கும் சொல்லவில்லை. அம்மா சோதனை எழுதி, பாஸ் பண்ணி, ஒரு கேக் பெட்டியும் கையுமாகப் படியேறி வந்த பின்னேரம்தான் அப்பா சொன்னார். அதற்குள் மூன்று நாட்கள் போய்விட்டன. ஊரில் எரித்தும் முடிந்துவிட்டது.

அம்மா உடனே அழவில்லை. கேக் பெட்டியைக் குசினி மேசையில் வைத்தார். போட்டுவந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"அக்காவை எரிக்கேக்கை நான் இறைச்சியும் சோறும் திண்டுகொண்டிருந்திருக்கிறன்" என்றார்.

"போகவும் ஏலாது. அழுதுகொண்டு போய்ச் சோதினை எழுதவும் ஏலாது. அதுதான்..." என்றார் அப்பா.

எங்களிடம் இருந்த அகதி அட்டையோடு இலங்கைக்குப் போனால் திரும்பி வர முடியாது. அப்பா சொன்னதில் அந்தப் பாதி சரி.

"அதை நீங்கள் ஏன் முடிவெடுக்கிறியள்?" என்று அம்மா கேட்டார். ஆனி வரை அப்பாவிடம் அவர் நேராகக் கேட்ட கடைசிக் கேள்வி அது.

பிற்காலத்தில் எனக்கு இன்னொன்று உறைத்தது. அந்த மூன்று நாட்களும் அப்பா இறைச்சி தொடவில்லை. வயிற்றுக்குத்து என்று சொல்லி வெறும் சோறும் தயிரும் சாப்பிட்டார். தம்பி தன் பங்குக்கு அப்பாவின் இறைச்சியையும் எடுத்துச் சாப்பிட்டது எனக்கு நல்ல ஞாபகம். அவர் தனியே துக்கம் காத்திருக்கிறார். ஆனால் பத்து வயதில் வயிற்றுக்குத்து என்றால் அது வயிற்றுக்குத்துத்தான்.

தை மாதத்தில் கல்லூரி அணிக்கு அப்பாவைப் பிடித்தார்கள். அந்தக் கல்லூரியில், அமெரிக்காவில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். திரும்பி வரும்போது அந்த முட்டைப் பந்தையும் அதன் மேல் பைத்தியத்தையும் கொண்டுவந்துவிட்டார். மாணவர்களைச் சேர்த்து ஓர் அணி தொடங்கி, நாட்டின் போட்டித் தொடரில் கடைசிப் பிரிவில் பதிந்திருந்தார். நாங்கள் அவரைக் கோச் என்போம். மெல்லிய, வேகமான பெடியன்கள் அவரிடம் நிறையப் பேர் இருந்தார்கள். பாரமான ஆட்கள் இல்லை. ஒருநாள் மதியம் அப்பா நிறைந்த சூப்புப் பானையைத் தனியே தூக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவால் போவதைக் கோச் கண்டார். எழுந்து வந்து ஏதோ கேட்டார். அப்பா தலையாட்டினார்.

சாதாரண உதைபந்தாட்டம் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். ஓடுகிற சப்பாத்தோடு போனவர், தன்னளவு பெரிய பையொன்றோடு திரும்பி வந்தார். அதற்குள் தோள் கவசம், இரும்புக் கம்பி வைத்த ஹெல்மெட், அறுபத்தெட்டு என்று எழுதிய நீலச் சட்டை. தம்பி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சுவரில் முட்டினான்.

அம்மா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"கொப்பரிட்டைக் கேள், இதென்னவாம்?"

"கொம்மாட்டைச் சொல்லு, விளையாட்டுச் சாமானெண்டு."

"ஆருக்காம்?"

"எனக்காம் எண்டு சொல்லு."

அம்மா என்னைப் பார்த்து, "சரி" என்றார். அந்தச் சரியை யாருக்குக் கொண்டுபோவது என்று தெரியாமல் நான் நின்றேன்.

பல்லுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறையொன்றும் அந்தப் பையில் இருந்தது. அதைக் கொதிநீரில் போட்டு, இளகியதும் கடித்துப் பல்லின் அச்சுக்கு எடுக்க வேண்டும். அப்பா அதை அம்மாவின் தேத்தண்ணிக் கேத்திலுக்குள் போட்டார். அன்று முழுவதும் வீட்டில் ரப்பர் மணம். "கொப்பரிட்டைச் சொல்லு, அது தேத்தண்ணிக் கேத்தில்" என்று அம்மா சொல்லியனுப்பியபோது, அப்பா வாயில் உறையோடு பதில் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "அப்பா ஏதோ சொல்லுறார்" என்று மட்டும் போய்ச் சொன்னேன். அம்மாவின் வாய் ஒருபக்கம் கோணியது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

மேல்வீட்டு மாமா, பல்கனியில் காய்ந்த தோள் கவசத்தைக் கண்டுவிட்டு, "உன்ரை அப்பா பொலிசிலை சேந்திட்டாரோ?" என்று படியில் வைத்து என்னைக் கேட்டார். பிறகு தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நின்ற தகப்பன்மார் எல்லாருக்கும் விசயம் தெரிந்துவிட்டது. பிள்ளைகுட்டிக்காரன் வெள்ளைப் பெடியளோடு மல்லுக்கட்டித் திரிகிறான் என்றார்கள். அப்பாவுக்கு அது காதில் விழுந்திருக்கும். ஆனாலும் செவ்வாயும் வியாழனும் பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஏன் போனார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வீட்டில் அம்மா அவரோடு நேராகக் கதைப்பதில்லை. அங்கே இருபது பேர் அவர் முதுகில் தட்டினார்கள்.

முதல் ஆட்டம் சித்திரையில், ஏரிக்குக் கிட்ட உள்ள திடலில். உதைபந்தாட்டத் திடலில் வேறு நிறத்தில் கோடு கீறி, கோல் கம்பங்களுக்கு மேல் தடி கட்டி உயர்த்தியிருந்தார்கள். பக்கத்து வயலில் சாணம் விசிறியிருந்ததால் அந்த மணமும், ஒரு மாணவனின் தாய் வாட்டிய சொசேஜ் புகையும் கலந்து வந்தன. அம்மாவுக்குக் காலை வேலை. ஆகவே அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கயிற்றுக்கு வெளியே நீள மர வாங்கில் இருத்தினார்.

விளையாட்டு எனக்கு அன்று அரைகுறையாகத்தான் விளங்கியது. ஒருவன் பந்தை எறிவான். நாங்கள் அவனை எறிகாரன் என்று கூப்பிட்டோம். யூரா மலைப் பக்கத்து, பிரெஞ்சு பேசுகிற மெல்லிய பெடியன். எதிரணி அவனை விழுத்தப் பாயும். அவர்களைத் தடுக்க முன்னால் ஐந்து பேர் மதில் மாதிரி நிற்பார்கள். அதில் அப்பா இடப்பக்க மூலை. அவர் பந்தைத் தொடத் தேவையில்லை. பந்து எங்கே போகிறது என்று பார்க்கவும் தேவையில்லை. அவன் விழாமல் இருந்தால் அப்பாவின் வேலை முடிந்தது. ஒரேயொரு கட்டுப்பாடு: பந்து அசையும்வரை மதிலில் நிற்பவர் அசையக்கூடாது. அசைந்தால் நடுவர் மஞ்சள் துணி எறிவார், அணி பின்னுக்குப் போக வேண்டும்.

அப்பா ஒவ்வொரு முறையும் அசைந்தார். மஞ்சள் துணி விழுந்துகொண்டே இருந்தது. கோச் டொச்சிலும் பிரெஞ்சிலும் மாறி மாறிக் கத்தினார். அப்பா தலையாட்டினார். அடுத்த முறையும் பாய்ந்தார்.

வேலை முடிந்து அம்மா சைக்கிளில் எங்களைக் கூட்டிப்போக வந்தார். இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"ஏன் உவர் எல்லாருக்கும் முதல் பாயுறார்?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது."

அப்பாவின் அணி மறுபடி குனிந்தது. சுற்றி நின்ற ஆட்கள் உற்சாகப்படுத்த, இந்த நாட்டு வழக்கப்படி, "ஹொப்! ஹொப்!" என்று கத்தினார்கள். அப்பா பாய்ந்தார். துணி விழுந்தது.

அம்மா சைக்கிளால் இறங்கினார். எங்களுக்கும் அப்போதுதான் விளங்கியது. கல்லூரிக் குசினியில் தலைமைச் சமையல்காரர் "ஹொப், ஹொப்" என்றால் அந்தக் கணமே அசைய வேண்டும். கோபத்துக்கு முந்திய காலத்தில் அப்பா அவரைப்போல நடித்துக் காட்டி எங்களைச் சாப்பிட வைப்பார். அத்தனை வருடம் அந்தச் சொல்லுக்கு ஓடிப் பழகிய கால் சொன்னபடி நிற்குமா?

அம்மா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கோச்சிடம், ஆட்களை அப்படிக் கத்த வேண்டாம் என்று சொல்லும்படி சொன்னார். கோச் அம்மாவின் டொச்சைக் கேட்டு வாயைப் பிளந்தார். பிறகு ஓடிப்போய்ப் பார்வையாளரிடம் கையெடுத்துக் கேட்டார். பீல் இரண்டு மொழி ஊர் அல்லவா, அவர்கள் உடனே பிரெஞ்சுக்கு மாறி "அலே! அலே!" என்றார்கள். அப்பா சிலைபோல நின்றார். பந்து அசைந்த பிறகே அசைந்தார். ஆனாலும் அன்று நாங்கள் படுதோல்வி.

ஆட்டம் முடிந்ததும் கோச் அம்மாவை விடவில்லை. "அவர் உங்கள் கணவரா? நல்லது. நான் சொல்வதை அவருக்குச் சொல்லுங்கள். மூன்று மாதமாகச் சொல்லிப் பார்க்கிறேன், ஓம் ஓம் என்கிறார், பிறகு வேறெதையோ செய்கிறார்."

அம்மா என்னைப் பார்த்தார். வழக்கமான பாதை நான்தான். ஆனால் கோச் சொன்ன விளையாட்டுச் சொற்கள் எனக்கே விளங்கவில்லை, எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூட டொச். கோச் மரியாதையாக, கையில் தொப்பியோடு காத்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை வருகிறேன்" என்று அம்மா அவருக்குச் சொன்னார்.

வியாழக்கிழமை நாங்கள் எல்லாரும் போனோம். அப்பா திடலின் மறுபக்கத்தில் நின்றார். கோச் அம்மாவிடம், "பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்றார். எங்கள் வீடுகளில் மனைவி கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கூப்பிட "இஞ்சாருங்கோ" என்றொரு சொல் இருந்தது. அதை அம்மா ஐப்பசிக்குப் பிறகு வாயில் எடுக்கவில்லை. கோச்சை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை வாயருகே குவித்து, "அறுபத்தெட்டு!" என்று கூப்பிட்டார்.

அப்பா திரும்பிப் பார்த்தார். தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். பிறகு ஓடி வந்தார்.

"அறுபத்தெட்டு இடப்பக்கம் போகோணுமாம்" என்றார் அம்மா, அப்பாவின் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு. "வெளியிலையிருந்து வாறவனை உள்ளுக்கை விடக்கூடாதாம். கையை விரிச்சுப் பிடிக்கக்கூடாதாம், தள்ளத்தான் வேணுமாம்."

சொல்வது கோச், அம்மா வெறும் வாய். அந்த 'ஆம்' இருந்தபடியால் அவர் அப்பாவோடு கதைத்ததாகாது. அப்பாவும் அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. கோச்சைப் பார்த்துத் தமிழில், "விளங்குது" என்றார். கோச் மகிழ்ச்சியோடு தலையாட்டினார்.

வைகாசி முழுவதும் இப்படித்தான். அம்மா தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்தார். "பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்று மேல்வீட்டு மாமிக்குக் காரணம் சொன்னார். எங்களை அம்மாவே வீட்டில் வைத்துப் பார்த்திருக்கலாம் என்று மாமி திருப்பிச் சொல்லவில்லை. அம்மா பெரிய போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவருவார். மாணவர்களுக்குக் கையில் கொடுப்பார். அப்பாவின் கோப்பையை வாங்கின் கடைசியில் வைத்துவிட்டுத் தள்ளிப்போவார். அப்பா வந்து எடுத்துக் குடித்துவிட்டு அதே இடத்தில் வைப்பார். வெளியூர் ஆட்டங்களுக்கு ரயிலில் போகும்போது அம்மா எங்களோடு ஜன்னலோரம். அப்பா மாணவர்களோடு பெட்டியின் மறுமுனையில், அவர்கள் விளையாடிய சீட்டைப் புரியாமல் பார்த்துக்கொண்டு.

அணி தோற்றது. பிறகும் தோற்றது. ஆட்கள் குறைவாக வந்த ஓர் அணியை ஒருமுறை வென்றது. அன்று எறிகாரன் ஓடி வந்து அப்பாவின் மேல் ஏறித் தொங்கினான். ஒரு தரமும் விழாமல் அவன் விளையாடி முடித்த முதல் ஆட்டம் அது. அப்பா அவனை முதுகில் சுமந்தபடியே திடலைச் சுற்றி வந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார், அது ஏற்கெனவே இறுகியிருந்தது.

கடைசி ஆட்டம் ஆனியில், சுவிஸின் கிழக்குப் பக்கத்து ஊரொன்றில். நல்ல வெக்கை. மதிலில் நின்ற மாணவர்களில் இரண்டு பேர் காயம் என்று வரவில்லை. கோச் அப்பாவை ஓய்வே இல்லாமல் விளையாட விட்டார். இப்போது யோசித்தால் அது சரியில்லை. அன்று ஒருவருக்கும் அது தெரியவில்லை, அப்பாவே கேட்டு நின்றார். சூரியன் சாயத் தொடங்கியபோது நாங்கள் கொஞ்சம் முன்னுக்கு இருந்தோம். "அலே, அலே" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள்.

நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. இருவர் ஒரேயடியாக எறிகாரனை நோக்கி வந்தார்கள். அப்பா ஒருவனைத் தள்ளிவிட்டு மற்றவனுக்குக் குறுக்கே விழுந்தார். யாருடையதோ முழங்கால் அவருடைய ஹெல்மெட்டின் பக்கத்தில் மோதியது. ஆட்கள் எழும்பினார்கள். அப்பா எழும்பவில்லை.

கோச் ஓடினார். அம்மா அவருக்கு முன்னால் ஓடினார். நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன், ஒருவரும் எங்களைத் தடுக்கவில்லை. அப்பா மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. ஹெல்மெட்டின் கம்பிக்குள் புல் சிக்கியிருந்தது.

"கழற்ற வேண்டாம், அசைக்க வேண்டாம். அவரோடு பேசுங்கள். இது எந்த ஊர், இன்றைக்கு என்ன நாள் என்று கேளுங்கள்" என்றார் கோச்.

அம்மா முழங்காலில் இருந்தார்.

"இஞ்சாருங்கோ" என்றார். "இஞ்சாருங்கோ. என்னைப் பாருங்கோ. இது எந்த ஊர்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"சோதினை முடிஞ்சுதோ?"

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன?"

"உம்மடை சோதினை. முடிஞ்சுதோ?"

எனக்கு அப்போது அது வெறும் பிதற்றல். அம்மாவின் முகம் மாறியதை மட்டும் கண்டேன். தம்பியின் நாடி பிடித்துப் பழகிய அதே விரல்களால் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், ஆனால் எண்ணவில்லை.

"முடிஞ்சுது" என்றார். "பாஸ்."

"அப்ப உமக்கு ஒண்டு சொல்லோணும்."

"எனக்குத் தெரியும்."

"இல்லை, உமக்குத் தெரியாது. ரெலிபோன் வந்தது..."

"தெரியும். நீங்கள் சொன்னனீங்கள். கிடவுங்கோ."

அப்பா கண்ணை மூடினார். "சொல்லிப்போட்டனோ?" என்றார். பாரத்தை இறக்கிவைத்த ஆளைப்போல மூச்சு விட்டார்.

கோச் அம்மாவின் தோளைத் தொட்டு, "என்ன சொல்கிறார்? எங்கே இருக்கிறார் என்று தெரிகிறதா?" என்று கேட்டார். அம்மா தன் நல்ல டொச்சில், அவருக்கு ஊரும் தெரியவில்லை, நாளும் தெரியவில்லை, போன வருடத்தில் இருக்கிறார், அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார். சொல்லி முடித்தபிறகுதான் அழுதார். ஐப்பசியில் அழாததும் அதில் சேர்ந்திருந்தது என்று இன்றைக்கு நினைக்கிறேன். சுற்றி நின்ற மாணவர்கள் அடிபட்டதற்கு அழுகிறார் என்று நினைத்து, "சரியாகிவிடும், சரியாகிவிடும்" என்றார்கள். எறிகாரன் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சொல்லித் தானும் அழுதான்.

அப்பாவுக்குத் தலைக்குள் அதிர்ச்சி, வேறொன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆட்டத்தை வென்றோம் என்பது எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அப்பாவுக்கு அடிபட்டதே ஞாபகமில்லை. புல்லில் கிடந்து கேட்டதும் ஞாபகமில்லை. இன்று வரைக்கும் இல்லை.

வெளிச்சம் கூடாது, ரீவி கூடாது, வாசிக்கக் கூடாது, இருட்டறையில் ஆறுதலாகக் கிடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மா லீவு எடுத்தார். படுக்கையறை ஜன்னலுக்குக் கம்பளி போர்த்திக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். நானும் தம்பியும் வெளியில் இருந்து கேட்டோம். அவர்கள் கொஞ்சிக் குலாவவில்லை. சண்டை பிடித்தார்கள். கதைக்காமல் இருந்த மாதங்களுக்கெல்லாம் சேர்த்துப் பிடித்தார்கள். தலைக்கு அடிபட்டவர் என்றபடியால் தணிந்த குரலில். அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். ரெலிபோனில் கதைத்தது ஆர்? அத்தானோ, மகனோ? அக்கா கடைசியாக என்ன சாப்பிட்டவ? என்னைக் கேட்டவவோ? அப்பா தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். ஒருமுறை அம்மா, "அந்த மூண்டு நாளும் என்னெண்டு என்ரை முகத்தைப் பாத்தனீங்கள்?" என்று கேட்டார். "பாக்கேல்லை" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அப்பா விளையாடவில்லை. அடுத்த வருடம் எறிகாரனும் மற்றவர்களும் படிப்பு முடித்துப் போக, அணியும் கலைந்தது. ஹெல்மெட்டையும் கவசத்தையும் திருப்பிக் கொடுத்தோம். நீலச் சட்டையை மட்டும் கோச் வைத்திருக்கச் சொன்னார். வீடு மாறும்போது எங்கோ தொலைந்தது. தம்பி இன்னும் அதைத் தேடுகிறான், என்னிடம் இருக்கிறதென்று நினைக்கிறான்.

ஆனால் அவர்கள் எல்லாரும் போவதற்கு முன், ஐப்பசியில், ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியம்மாவின் ஆண்டுத் திவசம். செய்யவேண்டிய கிரியைகளை ஊரில் அவருடைய பிள்ளைகள் செய்தார்கள். அம்மா இங்கே படத்துக்கு முன்னால் படைத்து, நாலு பேருக்குச் சாப்பாடு கொடுக்க விரும்பினார். "ஆரைக் கூப்பிடுறது?" என்று அப்பா கேட்டார். "உங்கடை பெடியளைக் கூப்பிடுங்கோ" என்றார் அம்மா. இருபது பேர் வந்து எங்கள் சின்ன அறையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்தார்கள். முழங்கால்களை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பா விடியவே எழும்பிச் சமைத்திருந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய், சொதி, பாயசம்.

கோச் படத்தைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். அம்மா நின்றபடியே டொச்சில் சொல்லத் தொடங்கினார். அக்கா தன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனது, தங்கையின் கலியாணத்துக்குத் தன் காப்பைக் கழற்றிப் போட்டது, நோய் வந்து ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியது. அதற்குப் பிறகு அம்மாவுக்குச் சொல் வரவில்லை. பெடியன்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா குசினி வாசலில் அகப்பையோடு நின்றார். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தன்னிடம் இருந்த கொஞ்ச டொச்சைத் திரட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் சொல்ல இல்லை. மூன்று நாள். அவளுக்கு நான் சொல்ல இல்லை."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லதுக்கென்று நினைத்துத்தான் செய்தார்" என்று அவர்களுக்குச் சொன்னார். "ஆனால் அது பிழை."

கோச் மெதுவாகத் தலையசைத்தார். எறிகாரன் வெறும் பேப்பர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கேட்கலாமோ கேட்கக்கூடாதோ என்று அந்தரப்பட்டுக்கொண்டிருந்தான். அம்மா அதைக் கண்டார். அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அந்தப் பெடியன்ரை தட்டிலை ஒண்டுமில்லை. சோறு போடுங்கோ."